முன் வரிசைக்கு வந்த பானை

பெரும் பெயர் படைத்த சங்கீதக்காரர்களுக்குச் சில சமயம் ஒரு விசித்திரமான ஆசை தோன்றுவதுண்டு. சொந்தக் கோஷ்டி இருக்கும். அது போகுமிடமெல்லாம் கூட்டம் கூடும். இசைத்தட்டுகள் லக்ஷக் கணக்கில் விலை போகும். இவ்வளவும் இருக்க, "கொஞ்ச காலம் வேறு மனிதர்களோடு வேறு விதமாய் வாசித்துப் பார்ப்போமே!" என்று கிளம்பிவிடுவார்கள். மேனாட்டு ராக் சங்கீத உலகில் இது அடிக்கடி நடக்கிற காரியம். பெரிய வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிய சாய்ப்பைப் போல இந்தப் பக்கக் கோஷ்டிகள் எழும்பும். நாலு மழைக் காலம் தாங்கினால் அதிகம்.

நம்மவர் ஒருவர் சேர்ந்த பக்கக் கோஷ்டியும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் தலைமைப் பாடகர் மிக் ஜாகர், கித்தார்க்காரர் டேவ் ஸ்டூவர்ட், பாடகி ஜாஸ் ஸ்டோன், பாப் மார்லியின் புதல்வர் டேமியன் மார்லி, நம் ஏ. ஆர். ரஹ்மான் ஆகிய ஐவரும் 2009-ல் கூடினார்கள். 'சூப்பர் ஹெவி' என்று நாமகரணம். 2011 செப்டம்பரில் ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. அதில் ரஹ்மானின் 'சத்யமேவ ஜயதே' என்ற பாட்டில் ஜாகர் சம்ஸ்கிருதத்தில் பாடியதை அதிசயமாகப் பேசினார்கள். அதன் பின் இரண்டாவது தட்டும் இல்லை. ஊர் ஊராகச் சென்ற கச்சேரியும் இல்லை. ஒரே தெருவில் ஐந்து மாப்பிள்ளை அழைப்பு ஒரே சமயத்தில் வந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்தத் தட்டு நம் செவிக்குப் பட்டது. ஒவ்வொரு மாப்பிள்ளையும் அழகர்தான். ஆனால் எவருக்கும் மற்றவருக்கு வழிவிடத் தெரியவில்லை.

நாம் இந்த வாரம் எழுத எடுத்துக் கொண்டது இதை அல்ல. இதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் தோன்றி, மூன்றே ஆண்டு நிலைத்து, 1978-ல் கலைந்துபோன 'சக்தி' என்ற கோஷ்டியைப் பற்றி. இப்போது அதை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பம். பிள்ளை எட்டாம் வகுப்பு. தாளத்தில் காது கெட்டிக்காரக் காது. கடம் கற்றுக்கொள்ள வேண்டுமென்று அவன் கேட்டதற்கு வீட்டில் ஒரு சபையே கூடிவிட்டது. "வீணை என்றாலும் சரி, பிடில் என்றாலும் சரி. பானை தட்டவா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்?" என்று தகப்பனார் நம்மிடம் கேட்டார். ஆயுள் முழுவதும் ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய வாத்தியம் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தில் பாதி நியாயமும் இருக்கிறது என்பதால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

கர்நாடக சங்கீத மேடையின் அமைப்பை நேயர்கள் அறிவார்கள். நடுவில் பாடகர். ஒரு பக்கம் பிடில். மறு பக்கம் மிருதங்கம். கடம், கஞ்சிரா, மோர்சிங் மூன்றும் உபபக்க வாத்தியங்கள். பக்கத்துக்கும் பக்கம் என்று பொருள். மிருதங்கக்காரர் கண்ணசைத்தால் வாசிக்கலாம். இல்லாவிட்டால் தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருக்கலாம். தனி ஆவர்த்தனம் என்று ஒரு கால்மணி நேரம் வரும். அதிலும் மிருதங்கம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பங்குதான் கடத்துக்கு. ரஸிகர்களில் ஒரு பகுதியினர் அந்தச் சமயம் பார்த்துத்தான் காபி அருந்த எழுந்து போவார்கள். ஆலங்குடி ராமசந்திரன் போன்ற மேதைகள் வாசித்த வாத்தியத்துக்கே இந்தக் கதி என்றால், தகப்பனாரைக் குறை சொல்லி என்ன பயன்?

இனி, சக்தியின் கதை. ஜான் மக்லாக்லின் என்பவர் 1942-ல் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் பிறந்தவர். கித்தார் வித்வான். அமெரிக்கா சென்று, ஜாஸ் சங்கீதத்தின் மகாமேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்துப் பெயர் பெற்றார். 1971-ல் 'மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று தம் சொந்தக் கோஷ்டியைத் தொடங்கினார். ஸ்ரீ சின்மாய் என்ற வங்காளத்து ஆன்மிக குரு அவருக்கு அளித்த பெயர் அது. பெயர்தான் சாந்த ஸ்வரூபம். வாசிப்போ இடி முழக்கம். இரட்டைக் கழுத்து மின்சாரக் கித்தாரைப் பிடித்துக்கொண்டு அவர் வாசித்த வேகத்தையும் உரத்த ஓசையையும் கேட்டு, ராக் ரஸிகர்கள் ஆயிரக்கணக்கில் மயங்கிக் கிடந்தார்கள்.

அந்த மனிதர்தான், புகழின் உச்சியில் இருக்கும்போதே, அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் சங்கீதம் போதித்துக் கொண்டிருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் போய் வீணை கற்றுக்கொண்டார். ராமநாதன் எவ்வளவு பெரிய பாடகரோ அவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர். சிலப்பதிகாரத்தின் இசை நுட்பங்களை எடுத்து விளக்கியவர். கீர்த்தி பெற்ற ஒருவர், சரளி வரிசைக்காரரைப் போல இன்னொருவர் முன் சம்மணமிட்டு உட்கார்வது சாமானியமான காரியம் அன்று. 'சூப்பர் ஹெவி'க்கும் 'சக்தி'க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். அங்கே ஐவரும் தமக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இங்கே ஒருவர் தமக்குத் தெரியாததைக் கற்றுக்கொண்டு வந்தார்.

1975-ல், மஹாவிஷ்ணு கோஷ்டி இன்னும் கலையாமலிருந்தபோதே, சக்தி பிறந்தது. பிடில் எல். சங்கர். இவர் வி. லக்ஷ்மிநாராயணனின் புதல்வர், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் இருவருக்கும் தம்பி. தகப்பனார் யாழ்ப்பாணத்தில் சங்கீதம் போதித்துக் கொண்டிருந்தார். 1958-ல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின் பின் குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தபலா ஜாகிர் ஹுசேன். உஸ்தாத் அல்லா ரக்காவின் மைந்தர். அப்போது வயது 24. மிருதங்கம் ராமநாதபுரம் வி. ராகவன், பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணனின் சகோதரர், வெஸ்லியனில் ஆசிரியராய் இருந்தவர். கடம் டி. எச். விநாயகராம். 'விக்கு' என்றால் சங்கீத உலகில் தெரியாதவர் இல்லை. 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடியபோது பின்னால் அமர்ந்து கடம் வாசித்தவர் இவரே. அவருடைய தகப்பனார் ஹரிஹர சர்மா 1958-ல் சென்னையில் ஸ்ரீ ஜயகணேச தாள வாத்திய வித்யாலயத்தை ஏற்படுத்தினார். பானை தட்டுவதற்கு ஒரு பள்ளிக்கூடம்! நம் நண்பருக்கு இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்.

வடக்கத்தித் தபலாவும் தெற்கத்திக் கடமும் ஒரே மேடையில் சரிக்குச் சரியாய் அமர்ந்தது அந்தக் காலத்தில் நம் நாட்டிலேயே அபூர்வம். இரண்டுக்கும் சொற்கட்டு வேறு; கணக்கு வழி வேறு. ஓர் ஆங்கிலேயர் அமெரிக்காவில் சேர்த்த கோஷ்டியில்தான் பம்பாயும் சென்னையும் இவ்வளவு நெருங்கி உட்கார நேர்ந்தது என்பதில் நமக்குச் சந்தோஷமும் உண்டு. சிறிது வெட்கமும் உண்டு.

கித்தாரிலும் ஒரு மாறுதல் செய்யவேண்டியிருந்தது. சாதாரணக் கித்தாரில் விரல் வைக்கும் பலகை மட்டமானது. தந்தியை அழுத்தினால் ஸ்வரம் நிற்குமேயன்றி, வீணையில் போல அசைந்து கொடுக்காது. அசையாத ஸ்வரத்தில் கமகம் ஏது? ஆகையால் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர், மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தை வளைவாகக் குடைந்து, ஒவ்வொரு மெட்டும் வரப்பைப் போலத் தூக்கி நிற்கும்படி ஒரு கித்தார் செய்து கொடுத்தார். தந்தியைப் பள்ளத்தில் அழுத்தினால் ஸ்வரம் ஏறி இறங்கும். போதாததற்கு, மேல் தந்திகளுக்கு அடியில் குறுக்காக ஏழு அனுதாபத் தந்திகள். அவற்றை மீட்டாமலே அவை ஒலிக்கும். நம் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச் சிற்பிகளைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள். மரத்தில் எதை விடுவது, எதை எடுப்பது என்பதுதானே அவர்கள் வித்தை! மின்சாரத்தையும் பெரிய ஒலிபெருக்கிகளையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, குடைந்த மரத்தோடு தரையில் அமர்ந்தார் மக்லாக்லின்.

முதல் தட்டு 1975 ஜூலை 5-ந் தேதி நியூயார்க் ராஜ்யத்தில் ஸவுத்ஹாம்ப்டன் என்ற ஊரின் கலாசாலையில் நடந்த கச்சேரியிலேயே பதிவாயிற்று. மறு வருஷம் வெளிவந்தது. மூன்றே உருப்படிகள். முதலாவது பதினெட்டு நிமிஷம். கடைசி அரைமணிக்குச் சற்றுக் குறைவு. நடுவில் 'லோட்டஸ் ஃபீட்' என்ற சிறு உருப்படி, அமைதியே வடிவானது. முதல் உருப்படியின் வேகத்தைக் கேட்டு அமெரிக்க மாணவர்கள் செய்யும் ஆரவாரம் தட்டிலேயே கேட்கிறது. அவர்களில் எத்தனை பேருக்குக் கடம் என்பது மண் பானை என்று தெரிந்திருக்குமோ!

இதற்குப் பின் நடந்த ஒரு மாறுதலைத்தான் நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். ராகவன் முதல் தட்டோடு விலகிக்கொண்டார். ஐவர் நால்வரானார்கள். மிருதங்கம் இல்லாத மேடையில் கடம்! யார் சொன்னதைத் திருப்பிச் சொல்வது? யார் கண்ணசைப்புக்குக் காத்திருப்பது? ஊன்றுகோலை எடுத்துக்கொண்டால் நொண்டி ஒன்று விழவேண்டும், அல்லது நடக்கவேண்டும். விநாயகராமின் கடம் நடந்தது, ஓடவும் செய்தது. பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் மிருதங்கத்தின் தொப்பி போலக் கம்பீரமான கீழ் ஓசை. கழுத்தில் தட்டினால் வெண்கலக் கணீர். வயிற்றுப் பகுதியில் விரல் நுனிகள் ஓடினால் ஓட்டில் விழும் மழை. 1976-ல் பதிவான 'எ ஹாண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' என்ற இரண்டாவது தட்டிலும், 1977-ன் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' என்ற மூன்றாவதிலும் அந்த ஓசையைக் கேட்பவர்கள், நூற்றாண்டு நூற்றாண்டாய் நம் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் சுமந்த வஸ்து இதுதானா என்று ஆச்சரியப்படாமல் இருக்க முடியாது.

தண்ணீர்ப் பானையேதான் கடம் என்று சொல்லிவிடவும் கூடாது. மானாமதுரைக் குயவர்கள் வைகை மண்ணைப் பதம் பார்த்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, பிறகு பலகையால் தட்டித் தட்டிச் சுற்றிலும் ஒரே கனமாக்குகிறார்கள். ஒரு பக்கம் கனம் குறைந்தால் அங்கே ஸ்வரம் பிசகிவிடும். சூளையில் வெந்தபின் சுருதியை மாற்ற இயலாது என்பதால், பாடகரின் சுருதிக்குத் தக்கபடி வித்வான் பல பானைகளை வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியாலும் பொறுமையாலும் உண்டாகும் சரக்கு. கீழே விழுந்தால் ஒரு விநாடியில் ஓட்டாஞ்சில்லு. இதைத் தூக்கிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் ஆகாய விமானத்தில் போவதென்றால், வித்வானின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இரண்டாவது தட்டின் முதல் உருப்படி வாத்தியத்தால் ஆரம்பமாகவில்லை. வாயால் சொல்லும் கொன்னக்கோலால் ஆரம்பமாகிறது. இதை நம் வகுப்பில் ஒரு நாள் கேட்கச் செய்தோம். வகுப்போ கணக்கு வகுப்பு, தலைமையாசிரியர் அறியமாட்டார். ஆதி தாளம் எட்டு அக்ஷரம். அக்ஷரத்துக்கு நாலு மாத்திரை வீதம் முப்பத்திரண்டு. பத்து மாத்திரையில் ஒரு சொற்கட்டு. அதை மூன்று முறை சொன்னால் முப்பது. மிஞ்சிய இரண்டை இடைவெளிக்கு ஒன்றாய் விட்டால், பத்தும் ஒன்றும் பத்தும் ஒன்றும் பத்தும் சேர்ந்து முப்பத்திரண்டு. அடுத்த அடி கச்சிதமாகச் சமத்தில் விழும். கரும்பலகையில் எழுதியபோது நகரத்துப் பிள்ளைகள் கூட்டிப் பார்த்துச் சரியென்றார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன் கூட்டவே இல்லை. ஊர்த் திருவிழாவில் மேளத்துக்கு அடிவைத்து ஆடிப் பழகிய கால் அவனுடையது. பெஞ்சின் அடியில் பாதத்தைத் தட்டிக்கொண்டே இருந்து, மூன்றாம் முறையும் பிசகாமல் சமத்தில் நிறுத்தினான். காலாண்டுப் பரீக்ஷையில் பின்னத்தில் பூஜ்யம் வாங்கியவன் அவன்! அன்று முதல் அவனுக்குப் பின்னத்தைத் 'தகதிமி' போட்டே சொல்லிக் கொடுக்கிறோம். பலன் முழுப் பரீக்ஷையில் தெரியும்.

சக்தியைப் பற்றி வானளாவப் புகழ்ந்து நிறுத்திவிட நமக்கு விருப்பமில்லை. குறைகளும் உண்டு. வேகம் அதிகம். கித்தாரும் பிடிலும் ஒன்றையொன்று துரத்தும் இடங்களில், ராகம் பாவம், தெரு ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. ஓர் ஆலாபனை அவிழ்வதற்கு வேண்டிய நிதானம் அபூர்வமாகவே கிடைக்கிறது. மூன்றாவது தட்டில் உருப்படிகள் குறுகி, சில இடங்களில் வியாபாரிக்குப் பயந்தவை போல் ஒலிக்கின்றன. இன்னொன்று: மேடையில் எல்லோரும் சமம் என்றாலும் முதல் தட்டின் உறையில் 'ஜான் மக்லாக்லினுடன் சக்தி' என்று ஒருவர் பெயர் மட்டுமே பெரிதாய் நின்றது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் கொலம்பியா கம்பெனி அந்தத் தட்டைப் போட்டிருக்காது என்பதும் வாஸ்தவமே.

கம்பெனிக்காரர்களுக்கு ஆரம்பம் முதலே இதில் உற்சாகமில்லை. மின்சாரக் கித்தாரால் பொன் விளைந்த நிலத்தில் இந்த மனிதர் ஏன் தினை விதைக்கிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. மஹாவிஷ்ணு விற்றது போல் சக்தி விற்கவும் இல்லை. 1978-ல் கோஷ்டி கலைந்தது. மக்லாக்லின் மின்சாரத்துக்கே திரும்பினார். பக்கக் கோஷ்டியின் ஜாதகப்படி கதை இங்கே முடிந்திருக்கவேண்டும்.

முடியவில்லை. அமெரிக்க ராக் கோஷ்டியான 'கிரேட்ஃபுல் டெட்'டின் தாளக்காரர் மிக்கி ஹார்ட், 1991-ல் உலகத்துத் தாளவாத்தியங்களைச் சேர்த்து 'பிளானட் டிரம்' என்ற தட்டை வெளியிட்டபோது, ஜாகிர் ஹுசேனும் விநாயகராமும் அதில் இருந்தார்கள். உலக இசைக்கென்று முதன்முதலாக ஏற்படுத்திய கிராமி பரிசு 1992-ல் அந்தத் தட்டுக்குக் கிடைத்தது. 1997-ல் மக்லாக்லின் 'ரிமெம்பர் சக்தி' என்று பழைய நினைவைப் புதுப்பித்தார். சிறிது காலத்தில் விநாயகராமின் இடத்தில் அவர் புதல்வர் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து அமர்ந்தார், மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், பாட்டுக்குச் சங்கர் மகாதேவன். ஸ்ரீநிவாஸ் 2014-ல் நாற்பத்தைந்து வயதில் மறைந்தது நம் சங்கீதத்துக்கு நேர்ந்த பெரு நஷ்டம். மறுபடி கூடியவர்கள், பிடிலுக்குக் கணேஷ் ராஜகோபாலனையும் சேர்த்துக்கொண்டு, 2023-ல் 'திஸ் மொமண்ட்' என்ற தட்டை அளித்தார்கள். 2024 பிப்ரவரியில் அதற்கும் கிராமி பரிசு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் ஹுசேன் காலமானார்.

பரிசுகளை நாம் அடுக்குவது, மேனாட்டு முத்திரை விழுந்தால்தான் நம் பானைக்கு மதிப்பு என்று காட்டுவதற்கல்ல. விநாயகராமுக்கு நம் சர்க்கார் பத்மஸ்ரீ அளித்தது 2002-ல், பத்மபூஷண் 2014-ல். நியூயார்க் மாணவர்கள் கரகோஷம் செய்து இருபத்தேழு வருஷம் கழித்து நமக்கு முதல் விழிப்பு வந்தது என்ற கணக்கை மட்டும் நேயர்கள் குறித்துக்கொண்டால் போதும். மக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் பாடத்தைப் படம் பிடித்து வெளியிட்டிருக்கிறார்கள். எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துத் 'தகதிமி' சொல்கிறார்கள்.

பெண் குழந்தைகளை உடைய வீடுகளுக்கு ஒரு செய்தி. ஹரிஹர சர்மாவின் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சுகன்யா ராம்கோபால் கடம் கற்றார். பெண் விரல்கள் பானையைத் தாங்குமா என்று கேட்டவர்களும், பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மறுத்த மிருதங்கக்காரர்களும் இருந்த காலம் அது. அவர் பல சுருதிகளில் கடங்களை வரிசையாக வைத்து, 'கட தரங்கம்' என்று ராகத்தையே அவற்றில் வாசித்துக் காட்டினார். பெண்கள் மட்டும் கொண்ட தாள வாத்தியக் கோஷ்டி ஒன்றையும் நடத்தி வந்திருக்கிறார்.

நம் நண்பர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அவருக்கு நாம் முதல் தட்டைக் கொடுத்திருக்கிறோம். நேயர்களும் கேட்பதானால் நடுவிலுள்ள சிறு உருப்படியில் ஆரம்பிப்பது நல்லது. வேகமான முதல் உருப்படியைப் பிறகு கேட்கலாம். கித்தாரையும் பிடிலையும் இரண்டாம் முறைக்கு ஒதுக்கிவிட்டு, முதல் முறை அடியிலே ஓடும் ஓசையை மட்டும் பின்தொடருங்கள். தபலாவின் நீண்ட நாதத்துக்கும் கடத்தின் வெட்டான நாதத்துக்கும் உள்ள பேதம் ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். சின்ன ஒலிபெருக்கியில் கடத்தின் கீழ் ஓசை காதுக்கு எட்டாது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்துவது உத்தமம்.